பரஸ்தானப் பெட்டி

என் பெட்டி எனக்கு முன்னாலேயே அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டது. செஞ்சி பஜாரில் எங்கள் பாத்திரக்கடை வாசலிலிருந்து கிளம்பி, திண்டிவனம் ரோட்டில் இருக்கும் உறவுக்காரி கமலாம்பாள் வீடு வரைக்கும் போய், அங்கே கூடத்து மூலையில் மல்லாட்டை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. என் மாமனார் அரிகிருஷ்ண செட்டியாருக்கு நாள் கிழமையில் அப்படி ஒரு பிடிப்பு. விமானம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பம்பாய் மேற்கே, அமெரிக்கா அதற்கும் மேற்கே. சூலத்துக்கு எதிரே மருமகளை அனுப்பவும் முடியாது, வாங்கிய டிக்கெட்டை மாற்றவும் முடியாது. அதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறதே. நல்ல நாளில் நல்ல வேளையில், ஊருக்குப் போகிறவருடைய சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு போய், பஸ் ஏறும் திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் ஆளே கிளம்பிவிட்டதாக அர்த்தம். அப்புறம் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் ஆள் போய், வழியில் சாமானை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை. அப்படி வைத்த சாமான் திரும்ப நம் வீட்டுப் படி ஏறக்கூடாது.

விமானத்துக்கு எட்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில் மாமியார் ராஜம்மாள் பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். கொழுந்தன் வெங்கடரமணன் அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு போனான். புதுச்சேரியில் வாங்கிய காப்பிக்கலர் பெட்டி. கைப்பிடியில் சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தேன். நூறு பெட்டிக்கு நடுவில் நம் பெட்டி கண்ணில் பட வேண்டும் என்றால் இப்படி ஏதாவது கட்டு என்று சிகாகோவிலிருந்து என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். வாசலில் நின்று என் பயணத்தை நானே வழியனுப்பினேன். சாயங்காலம் வந்த கமலாம்பாள், "பொட்டி அங்க குந்தினு இருக்குது, நீ இங்க குந்தினு இருக்கற. யாரு ஊருக்குப் போறாங்கன்னே தெரியலியேடி ஆதிலட்சுமி" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

சனிக்கிழமை தந்தி வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பிற்பாடு செய்தது கிறுக்குத்தனமாகத் தெரியும். அவர் சிகாகோவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். விமானம் இறங்கும் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற வேலை. சித்திரையில் கல்யாணம், ஆடி பிறப்பதற்குள் விமானம் ஏறிவிட்டார். கூச்சம் தெளிந்து நாலு வார்த்தை பேசத் தொடங்கிய நேரத்தில் ஆளைக் காணோம். மற்றவர்களுடைய வீட்டுக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து என்ன எழுதுவார்களோ எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் விமான நிலையம் எழுதினார். கம்பெனி எந்த ஊருக்கு அனுப்பினாலும் அந்த ஊரில் அவர் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். வாஷிங்டனில் பெரிய அறையாக ஒன்று இருக்கிறது, நாற்காலி எல்லாம் போட்டு, நீ போய் உட்கார்ந்தால் அந்த அறையே சக்கரத்தில் நகர்ந்து போய் விமானத்தின் வாசலில் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதினார். டொரண்டோ என்று கனடாவில் ஒரு ஊர், அங்கே வட்டமான கட்டடம், அதன் தலைமேல் மாடி மாடியாகக் காரை நிறுத்துகிறார்கள். கிளீவ்லாண்டில் ரயிலையே விமான நிலையத்துக்குள் கொண்டுவரத் தண்டவாளம் போடப் போகிறார்கள். நியூயார்க்கில் ஹெலிகாப்டர் ஏறினால் ஊருக்கு நடுவே ஓர் உயரமான கட்டடத்து மொட்டைமாடியில் இறக்கிவிடுகிறான். கக்கூஸ் கதவு திறக்கக்கூடச் சில இடத்தில் காசு போட வேண்டும், அதனால் சில்லறை வைத்துக்கொள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கடைசி வரியில் கேட்பார். சிலசமயம் நீலத்தாளில் இடம் போதாமல் அதுவும் இருக்காது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதமா இது என்று மடித்துப் போட்டேன். போகப்போகப் புரிந்தது. நான் வர வேண்டிய வழியை அவர் ஒவ்வோர் அடியாக எனக்காகப் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்த ஆசை அதுதான். மெட்ராஸ், பம்பாய், லண்டன், நியூயார்க், சிகாகோ. நியூயார்க்கில் கென்னடி நிலையத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் கட்டடம், வட்டமாக நிற்கும், நடுவில் குளம், குளத்தைச் சுற்றி மூன்று கோயில். ஒரு கட்டடத்தில் இறங்கி, பெட்டியை வாங்கி, சுங்கத்தில் திறந்து காட்டி, வாசலில் நிற்கிற பஸ்ஸில் ஏறி இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டும். இதை நான் வீட்டிலேயே நடந்து பழகினேன். கூடத்தில் இறங்குவேன். அரங்கு அறையில் பெட்டி. சமையலறை சுங்கம். கொல்லையில் கிணறுதான் அந்தக் குளம், அதைச் சுற்றிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனால் சிகாகோ விமானம். மாமியார் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இப்படிக் கெணத்தச் சுத்தற, வேண்டுதலா?" என்று கேட்டார்.

சிகாகோ நிலையத்துக்கு ஓஹேர் என்று பெயர். உலகத்திலேயே கூட்டம் அதிகமான இடமாம். எங்கள் மாமனார் அதை ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டார். "திண்டிவனம்" என்றார். "எந்த ஊரு வண்டியும் அங்க வந்துதான் பிரியும். எறங்குனா கண்ணக் கட்டி உட்டாப்புல இருக்கும். நம்ம திண்டிவனந்தான் அது." அந்தக் கூட்டத்தில் என் சாமான் கைமாறிவிடக் கூடாது என்று எவர்சில்வர் டம்ளர், தட்டு, கரண்டிவரைக்கும் பெயர் வெட்டிக் கொடுத்தார். ஊர் வழக்கப்படி முதலெழுத்து, அதன்கீழே 'சிகாகோ'. கடையில் பெயர் வெட்டுகிற பச்சைமுத்து சிகாகோவில் துணைக்கால் போட்டது போக மிச்ச இடத்தில் ஒரு பூவும் போட்டிருந்தான். ஓஹேரில் வெளியே வருகிற கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே நிற்பேன் என்று அவர் எழுதியிருந்தார். அதோடு இன்னொன்றும். எந்தக் கடிதத்தில் எதை விட்டாலும் அதை விடமாட்டார். 'ஒருவேளை என்னைக் காணோம் என்றால் நின்ற இடத்தை விட்டு நகராதே. ரெண்டு பேரும் தேட ஆரம்பித்தால் ரெண்டு பேருமே அகப்பட மாட்டோம். நீ நில். நான் தேடி வருவேன்.'

சனிக்கிழமை தந்தியை வெங்கடரமணன்தான் படித்தான். கடையில் மாமனார் ஒரு வல்லத்துக்காரருக்குப் பித்தளைக் குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் நின்றது. பனியில் கார் வழுக்கி லாரிமேல் மோதிவிட்டது, விமான நிலையத்துக்குப் போகிற பெரிய ரோட்டில், வேலைக்குப் போகிற வழியில். அவ்வளவுதான் விஷயம். மாமியார் நடுக்கூடத்தில் விழுந்தார். தெருவே திரண்டு வந்தது. ஆளாளுக்கு என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் புளிமூட்டைபோல உட்கார்ந்திருந்தேன். "அழுதுடும்மா, உள்ள வெச்சா மாரடைச்சிப்பூடும்" என்று யாரோ முதுகைத் தட்டினார்கள். அழுகை வந்தால்தானே அழுவதற்கு. எனக்கு அந்த ரோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஓஹேரிலிருந்து ஊருக்குள் போக அதில்தான் பஸ் போகும், நாம் காரிலேயே போய்விடலாம், ஜன்னல் பக்கம் நீ உட்கார்ந்துகொள் என்று எழுதியிருந்தாரே, அதே ரோடுதானா, வேறு ரோடா என்று யாரையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. யாரைக் கேட்பது. பசித்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

கூட வேலை செய்த ஒரு தெலுங்குக்காரர் அங்கேயே தகனம் செய்துவிட்டார். அஸ்தியை அனுப்புவதாக எழுதினார். அஸ்தி வந்து, அதைக் கரைத்து, அப்புறம்தான் கருமாதி என்று மாமனார் முடிவு செய்தார். அதனால் நான் இரண்டுங்கெட்டானாக இருந்தேன். தாலி கழுத்திலேயே இருந்தது. கருமாதி அன்றைக்குத்தான் அதை எடுப்பார்கள். அதுவரைக்கும் குங்குமம் வைக்கலாமா கூடாதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சிலநாள் வைத்தேன், சிலநாள் மறந்துவிட்டேன். வெளியே தேர்தல் ஜீப் ஒலிபெருக்கியோடு போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலும் சின்னம் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். ரேஷன் அரிசி வந்திருக்கிறது என்றால் போய் வாங்கி வந்தார்கள், பொங்கினேன், சாப்பிட்டோம்.

இரண்டாவது தந்தியில் அஸ்தி கிளம்பிவிட்டது என்பதும், மெட்ராஸ் வந்து சேரும் நாளும் இருந்தன. அன்றைக்கு மத்தியானம் மாமனார் சமையலறை வாசலுக்கு வந்தார். நான் வாழ வந்த நாளிலிருந்து அவர் அந்த இடத்தில் வந்து நின்றதில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப எங்கம்மா இருப்பான்?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். யோசிக்கவே தேவைப்படவில்லை. "ஓஹேர்ல மாமா. கெளம்பற எடம் மாடியில, வர்ற எடம் கீழ. கீழதான் கண்ணாடிக் கதவு. அங்கேர்ந்து நியூயார்க்கு."

"அங்க எறங்கி மாறணும்."

"மாறணும். கட்டடம் வேற. வாசல்ல பஸ்ஸு நிக்கும்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் மறுபடி வந்தார். கென்னடி என்றேன். குளத்துக்குப் பக்கத்திலா என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன், கடிதங்கள் அவருக்கும்தானே வந்துகொண்டிருந்தன. மறுநாள் லண்டன் என்று சொன்னேன். அங்கே பனி மூடினால் விமானம் ஏறாது, உட்கார வைத்துவிடுவான் என்றும் சொன்னேன். பிள்ளை குளிரில் உட்கார்ந்திருக்கிறான் என்பதுபோல அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் போக வேண்டிய வழியில், கடைசியிலிருந்து முதலுக்கு, என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். எனக்காகப் போட்ட வழி வீண்போகவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஓர் ஆசை வந்தது. துக்கம் என்று சொல்ல மாட்டேன், ஆசைதான். அவர் வரும்போது கதவுக்கு எதிரே நான் நிற்க வேண்டும். எனக்காக நிற்பேன் என்றவருக்காக நான் நிற்க வேண்டும். அது ஒன்று நடந்துவிட்டால் அப்புறம் தாலியை எடுக்கட்டும், மூலையில் உட்காரவைக்கட்டும், எதுவும் செய்துகொள்ளட்டும். ஆனால் கருமாதி ஆகாதவள் வீட்டுப் படி தாண்டக்கூடாது. செஞ்சியில் யாரும் கேள்விப்பட்டிராத காரியம். மெட்ராஸுக்கு வெங்கடரமணன் மட்டும் போவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். மாமனார் கடையிலிருந்து மூடிபோட்ட செம்புச் சட்டி ஒன்றை எடுத்து, புளிபோட்டுத் துலக்கச் சொல்லி அவனிடம் கொடுத்தார். "ஆளுகிட்டேர்ந்து கையால வாங்கி இதுல வெச்சிக்க" என்றார். எந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஜனங்களில் நகையோ வெள்ளியோ உசத்தியான எதையும் லாரியில் போடுகிற வழக்கம் இல்லை, ஓர் ஆளிடம் கொடுத்துக் கைமேல் அனுப்புவார்கள். அதனால் யாரோ ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெங்கடரமணன் கிளம்புவதற்கு முந்தின நாள் கமலாம்பாள் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் மாமியாரிடம். "அந்தப் பொட்டிய இன்னா பண்றதுன்னு சொல்லிடுங்க. என் பொண்ணுக்கு மாசில நிச்சயம் வெச்சிருக்குது. மாப்ள ஊட்டுக்காரங்க வந்து கூடத்துல குந்துவாங்க. அது எதுருல இருக்குது."

"இங்க எடுத்தாந்துடு" என்றார் மாமியார்.

"வரக்கூடாது" என்றார் மாமனார்.

"அப்ப எங்கதான் வெக்கறது மாமா? ரோட்டுல கடாசவா? அதுல கண்ணாலப் பொடவ இருக்குது, தட்டு டம்ளர் இருக்குது. ஐயரக் கேட்டாச்சி. பரஸ்தானம் வெச்சது போயே ஆவணும்னு சொல்றாரு. எங்க போவும்? காலு மொளச்சா போவும்?" நல்லவள்தான், பயம் யாரைவிட்டது.

மாமனார் வாழ்நாள் முழுக்கச் சூலமும் வேளையும் பார்த்தவர், பெட்டி நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தேன்.

"நான் எடுத்துட்டுப் போறேன் மாமா."

"எங்க?"

"மீனம்பாக்கம். ஏரோப்ளேன் நிக்கற எடம் வரைக்கும் போனா, பொட்டி போனாப்புலதான். அவரும் அங்கதான் வர்றாரு."

"கருமாதி ஆவாத பொம்பள படி தாண்டக் கூடாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தராசில் இருக்கிற எடையைப் படிப்பதுபோலச் சொன்னார்.

"நான் அந்த வியாழக்கிழமையே தாண்டிட்டேன் மாமா. நீங்கதான் வேள பாத்து அனுப்பிச்சீங்க."

மாமனார் கையில் வீட்டு டம்ளர் ஒன்று இருந்தது. அதில் வெட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய கணக்கை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மாமியாரைப் பார்த்தார்.

"போவட்டும்" என்றார் மாமியார்.

காலையில் கிளம்பும்போது மாமியார் என்னைச் சாமி அலமாரிக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் அழுத்தி வைத்தார். அது கோணிப்போயிற்று, புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "அவன் பாக்கும்போது நெத்தி வெறுமனே இருக்க வாணாம்" என்றார். பூவும் கொஞ்சம் வைத்துவிட்டார். அப்போதாவது அழுதிருக்கலாம். வரவில்லை. தெருவில் யாரும் எதிரே வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. கமலாம்பாள் வீட்டு வாசலில் பெட்டி வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்புத் துணி முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே சன்னலோரம் அவள் நிழல் தெரிந்தது, வெளியே வரவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி மெட்ராஸ் பஸ் ஏறினோம். மாமனார் சொன்னது சரிதான், கண்ணைக் கட்டி விட்டாற்போல இருந்தது. முறுக்கு விற்கிறவன் என் மடியில் தட்டை வைத்து, "வாங்கிக்கம்மா, தூர பயணமா?" என்றான். ஆமாம் என்றேன். பஸ் மீனம்பாக்கத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் ரயிலும் நிற்கிறது. கிளீவ்லாண்டில் இனிமேல்தான் கொண்டுவரப் போகிறார்கள், இங்கே எவ்வளவு காலமாகவோ இருக்கிறது, அவர் ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று நினைத்தேன். நம் ஊரில் இருப்பதை யார் எழுதுவார்கள்.

உள்ளே போனதும் இவ்வளவுதானா என்று இருந்தது. எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அவர் எழுதிய நகர்கிற அறை இல்லை, பெட்டிகள் சுற்றி வருகிற மேடை இல்லை. பெட்டிகளை ஆட்கள் தூக்கி வந்து வைத்தார்கள். ஆனால் பயணிகள் வெளியே வர ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. அதற்கு நேர் எதிரே, ஒரு தூண் ஓரமாக, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றேன். வெங்கடரமணன் பக்கத்தில் செம்புச் சட்டியோடு நின்றான்.

பம்பாய் விமானம் வந்து இறங்கியது. கதவு தானாகத் திறக்கவில்லை, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். நாங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தோம். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர், கையில் தோல்பை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சேட்டு வீட்டு அம்மாள். நீலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் இளைஞன் மெதுவாக வந்தான். வெங்கடரமணன் போய்ப் பேசினான். அந்த ஆள் தங்கச்சி கல்யாணத்துக்குப் பம்பாயிலிருந்து வருகிறானாம், பையில் கண்ணாடி வளையல். அப்புறம் இன்னும் சிலர். அப்புறம் தொப்பி போட்ட விமானக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். காக்கிச் சட்டைக்காரர் கதவைச் சாத்தினார்.

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"எல்லாம் வந்தாச்சேம்மா. யாருக்கோசரம் நிக்கிறீங்க? பேரு இன்னா?"

வெங்கடரமணன் தந்தியைக் காட்டலாமென்று பையைத் துழாவிக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அறியாதவள். ராமா என்று சாமியைக்கூடக் கூப்பிடமாட்டேன், பெருமாளே என்பேன். கடிதத்தின்மேல் விலாசம் எழுதும்போது கை எழுதும், வாய் திறக்காது. காக்கிச் சட்டைக்காரர் என் முகத்தையே பார்த்தார். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"கோதண்டராமன்" என்றேன்.

எனக்கே கேட்டது. அந்த உயரமான கூரைக்குக் கீழே கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. "எந்த ஊர்லேர்ந்து வர்றாரு?" என்றார். "சிகாகோ" என்றேன். அவர் மேஜைக்குப் போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, அந்தப் பெயரில் இன்றைக்கு யாரும் வரவில்லை என்றார். அதற்குள் வெங்கடரமணன் தந்தியை நீட்டினான். அவர் படித்தார். மறுபடி படித்தார். என்னுடைய குங்குமத்தையும் பூவையும் பார்த்தார். வெங்கடரமணனைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார், கையை நீட்டிக் காட்டினார். அவன் வந்தபோது முகம் செத்திருந்தது.

"அண்ணி, ஆளு கைல வர்லியாம். அதெல்லாம் சரக்குல வருமாம். சரக்கு ஷெட்டு வேற, அந்தாண்ட இருக்குது. ரோட்டுப் பக்கமா சுத்திப் போவணும். வாங்க."

சரக்கு. மூட்டை முடிச்சோடு, யார் மடியிலும் இல்லாமல், பெட்டிக்கு நடுவில் பெட்டியாக அவ்வளவு தூரமும் தனியாக வந்திருக்கிறார். ஓஹேரில், கென்னடியில், லண்டனில் எந்தக் கதவு வழியாகவும் வரவில்லை. நான் மாமனாருக்குச் சொன்ன வழி எதிலும் வரவில்லை. அவர் எழுதிய அத்தனை கடிதத்திலும் சரக்கு ஷெட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதவுக்கு எதிரே நிற்க வேண்டும் என்று நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கதவு சாத்தியாயிற்று.

"வாங்க அண்ணி."

"நீ போ. நான் இங்கயே நிக்கறேன்."

"தனியா எப்படி நிப்பீங்க? ஷெட்டாண்ட வந்தா நீங்களே கண்ணால பாக்கலாம்ல?"

"நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். சட்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனான். காக்கிச் சட்டைக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. வெயில் ஏறியது. அடுத்த விமானத்துக்கு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். மாலையோடு ஒரு கூட்டம், அரசியல்காரரை வரவேற்க வந்தவர்கள்போல, கொடியெல்லாம் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் என்னிடம், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். முடியாது என்றேன். என் குரலைக் கேட்டு அவரே தள்ளிப்போனார்.

வெகுநேரம் கழித்து வாசல் பக்கமாக வெங்கடரமணன் வந்தான். செம்புச் சட்டி ஒரு கையில் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் ஓர் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்திருந்தான். சட்டிக்குள் அது நுழையாது, பார்த்தாலே தெரிந்தது. சுற்றிலும் கயிறு, கயிற்றில் ஊர் ஊராக ஒட்டிய சீட்டுகள். கூட்டத்தில் அவனுக்கு நான் நிற்கிற இடம் தெரியவில்லை. சுவரோரத்து நாற்காலி வரிசைப் பக்கம் போய்ப் பார்த்தான், இல்லை. கண்ணாடிக் கதவுப் பக்கம் போனான். எக்கி எக்கிப் பார்த்தான். அவன் திரும்பும்போதெல்லாம் மார்பிலிருந்த பெட்டியும் கூடவே திரும்பி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் என்னைத் தேடியது.

நான் கைகாட்டவில்லை. கூப்பிடவில்லை. ஓர் அடிகூட நகரவில்லை. அவன் கடைசியாக என்னைப் பார்த்துவிட்டு, கொடிகளை விலக்கிக்கொண்டு நேராக வரத் தொடங்கினான். நான் குனிந்து, காலடியில் இருந்த என் பெட்டியை ஒரு சாண் தள்ளி, பக்கத்தில் இடம் விட்டேன்.